செயற்கை நுண்ணறிவு அறிவிப்புச் சட்டங்களை வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 22 அன்று இந்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஒரு வரைவை வெளியிட்டது. செயற்கையாக உருவாக்கிய படம் என்றால் அதன் பரப்பில் பத்து விழுக்காட்டையாவது ‘இது செயற்கையானது’ என்று சொல்லும் முத்திரை பிடித்திருக்க வேண்டும் என்றும், ஒலிப்பதிவு என்றால் அதன் முதல் பத்து விழுக்காட்டு நேரத்துக்குள் அறிவிப்பு ஒலிக்க வேண்டும் என்றும் அது கூறியது. அன்று பேசப்பட்டதெல்லாம் இந்தப் பத்து விழுக்காடுதான். 2026 பிப்ரவரி 10 அன்று இறுதி விதிகள் அறிவிக்கப்பட்டபோது அந்த எண் அவற்றில் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் வரையறைப் பகுதியில் ஓசையில்லாமல் நடந்திருந்தது. வரைவு ‘தகவல்’ என்று மட்டும் சொல்லி எழுத்தையும் உள்ளே இழுத்திருந்தது. இறுதி விதியோ ஒலி, காட்சி, ஒலியும் காட்சியும் சேர்ந்தவை என்று சுருக்கிக்கொண்டது. அந்த ஒரு திருத்தத்தால் செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகள் முத்திரைக் கடமையிலிருந்து வெளியே வந்துவிட்டன.

இந்த வகைச் சட்டங்களில் ‘அறிவிக்க வேண்டும்’ என்ற சொல் மிகக் குறைவாகவே வேலை செய்கிறது. எதை, யார், எப்போது, யாருக்கு விலக்கு என்பவைதான் சட்டத்தைச் செய்கின்றன. யூடியூப் சேனல் நடத்துபவர், கடைக்கு வாட்ஸ்அப் சாட்பாட் வைத்திருப்பவர், செயலி எழுதுபவர், இதழாசிரியர் ஆகியோர் ஒரு மசோதாவையோ வரைவு விதியையோ கையில் எடுத்தால் எந்த வரிசையில் வாசிக்க வேண்டும் என்பதை இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது மாற்று அன்று. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு உதவும்.

படி 1: மூன்று கடமைகளைப் பிரித்துப் பாருங்கள்

‘அறிவிப்புச் சட்டம்’ என்ற ஒரே பெயரின்கீழ் மூன்று வேறுபட்ட கடமைகள் உலவுகின்றன. உரையாடும் பொறி தன்னை மனிதன் அல்ல என்று சொல்வது ஒன்று. உருவாக்கப்பட்ட படத்திலோ குரலிலோ காணொளியிலோ அடையாளம் பதிப்பது இன்னொன்று. பிறர் பதிவேற்றியவற்றில் அந்த அடையாளம் இருக்கிறதா என்று தளங்கள் சரிபார்த்துப் பார்வையாளருக்குக் காட்டுவது மூன்றாவது.

கலிபோர்னியா இவற்றைத் தனித்தனிச் சட்டங்களாக இயற்றியது. 2018இல் கையெழுத்தாகி 2019 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள ‘பாட்’ (தானியங்கிப் பொறி) சட்டமும் 2025 அக்டோபரில் கையெழுத்தான எஸ்பி 243ம் முதல் வகை (எஸ்பி என்றால் மாநில செனட்டில் தொடங்கிய மசோதா, ஏபி என்றால் மாநிலப் பேரவையில் தொடங்கியது). 2024இல் கையெழுத்தான எஸ்பி 942 இரண்டாம் வகை. அதை 2025இல் திருத்திய ஏபி 853 மூன்றாம் வகைக் கடமையை ஒட்டுப்போட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ தன் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் 50ஆம் பிரிவிலேயே முதல் இரண்டையும் அடக்கிவிட்டது. இந்தியாவின் 2026 விதிகள் இரண்டாவதையும் மூன்றாவதையும் பற்றியவை. சாட்பாட் தன்னை அறிமுகம் செய்துகொள்வது அவற்றின் பொருள் அன்று. எனவே ‘இந்தியாவில் சாட்பாட் தன்னைப் பொறி என்று சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது’ என்று யாராவது பகிர்ந்தால், இந்த முதல் படியிலேயே அது தவறு என்று கண்டுகொள்ளலாம்.

படி 2: வரையறையில் தங்குங்கள்

வாசிப்புக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை இங்கே செலவிடுவது தகும். இந்தியாவின் இறுதி வரையறையை எளிய தமிழில் சொன்னால் மூன்று சல்லடைகள் உள்ளன. முதலாவது, அது கணினி வழியாகச் செயற்கையாக உருவாக்கப்பட்டதாகவோ மாற்றப்பட்டதாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது, உண்மையானது போலத் தோன்ற வேண்டும். மூன்றாவது, ஒரு மனிதரையோ நிகழ்வையோ அசலிலிருந்து பிரித்தறிய முடியாதபடி காட்ட வேண்டும். மூன்றாவது சல்லடை வரைவில் இல்லை. அதோடு, நிறத்தைச் சரிசெய்தல், இரைச்சலைக் குறைத்தல், அளவைச் சுருக்குதல், பேச்சை எழுத்தாக்குதல், மொழிபெயர்த்தல் போன்ற நல்லெண்ணத் திருத்தங்களும், விளக்கத்துக்காகச் செய்யும் பாடப்பொருள்களும், பொய்யான ஆவணம் உருவாகாத வரையில், வெளியே நிறுத்தப்பட்டன. திருமணப் புகைப்படத்தில் முகத்தைச் சற்று வெளுக்க வைக்கும் ஸ்டூடியோக்காரர் வரைவைப் படித்துப் பயந்திருக்க வேண்டும். இறுதி விதியைப் படித்துப் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். மணமகனின் அருகில் வராத உறவினரைச் செயற்கையாகச் சேர்த்துக் கொடுத்தால் கதை வேறு.

தமிழ்நாட்டில் இந்த வரையறையைச் சோதிக்க நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த திமுக இளைஞரணி மாநாட்டுத் திரையில் மு. கருணாநிதி தோன்றிப் பேசினார். அவர் 2018 ஆகஸ்டில் மறைந்தவர். கூட்டத்தில் யாரும் ஏமாறவில்லை. ஆனால் அதே காட்சியை இன்று சமூக ஊடகத்தில் ஏற்றினால் முத்திரை வேண்டுமா? ‘பார்ப்பவர் ஏமாந்தாரா’ என்று விதி கேட்கவில்லை. ‘அசல் மனிதரிலிருந்து பிரித்தறிய முடியாததாக எண்ணப்படக்கூடியதா’ என்று கேட்கிறது. என் வாசிப்பில் முத்திரை வேண்டும். ஏமாற்றும் நோக்கம் இல்லாத நினைவஞ்சலிக்கும் அது பொருந்தும் என்பதைக் கடுமை என்று சிலர் சொல்வார்கள். மண்டபத்தைவிட்டு வெளியேறிய காணொளி சூழலை இழந்துவிடும் என்பதால் எனக்கு அது கடுமையாகப் படவில்லை.

இதற்கு நேர் எதிரான வடிவம் கலிபோர்னியாவின் 2018 சட்டம். பொறி என்பதை மறைத்துப் பொருள் விற்கவோ வாக்கை மாற்றவோ வேண்டும் என்ற ஏமாற்றும் நோக்கம் இருந்தால்தான் அது குற்றம். நோக்கத்தை மெய்ப்பிப்பது வழக்காடுவோருக்குத் தெரிந்த தலைவலி. வரையறையில் ‘நோக்கத்தோடு’, ‘தெரிந்தே’ என்ற சொற்களைக் கண்டால் அடிக்கோடிடுங்கள். சட்டத்தின் பல் அங்கேதான் பிடுங்கப்படுகிறது.

எந்த ஊடகம் என்பதையும் கவனிக்க வேண்டும். எஸ்பி 942 படம், காணொளி, ஒலி ஆகியவற்றோடு நிற்கிறது, எழுத்தைத் தொடவில்லை. ஐரோப்பியச் சட்டம் எழுத்தையும் சேர்த்துக்கொள்கிறது. எஸ்பி 243 ‘துணைவன் சாட்பாட்’ என்று அழைப்பது மனிதரைப் போலப் பழகி உறவைத் தொடரும் பொறிகளை மட்டும். வாடிக்கையாளர் சேவைக்கென்றே வைத்த பொறிக்கு அதில் விலக்கு உண்டு. கடையில் புடவை இருப்பைச் சொல்லும் பொறியும், இரவு முழுவதும் சிறுவனோடு பேசிக்கொண்டிருக்கும் பொறியும் சாட்பாட் என்ற ஒரே பெயரைத் தாங்கினாலும், சட்டத்தின் கண்ணுக்கு வேறு வேறு.

படி 3: கடமை யார் தலையில்?

உருவாக்கும் கருவியைச் செய்தவர், அதைத் தொழிலில் பயன்படுத்துபவர், பரப்பும் தளம், பதிவேற்றும் பயனர் என நான்கு பேர் இருக்கிறார்கள். ஐரோப்பிய 50ஆம் பிரிவு இதைத் தெளிவாகப் பங்கிடுகிறது. கணினி படிக்கக்கூடிய அடையாளத்தைப் பதிப்பது கருவியைச் செய்தவரின் வேலை; டீப்ஃபேக் (ஒருவரின் முகத்தையோ குரலையோ அசல் போலப் போலியாக உருவாக்கிய) காணொளியை வெளியிடும்போது அது செயற்கையானது என்று மனிதருக்குச் சொல்வது அதைப் பயன்படுத்துபவரின் வேலை.

அடுத்து, அளவு வரம்பைத் தேடுங்கள். மாதம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்ட கருவிகளுக்கே எஸ்பி 942 பொருந்தும். இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களுக்குக் கூடுதல் கடமை: ‘இது செயற்கையாக உருவாக்கியதா’ என்று பயனரிடம் உறுதிமொழி வாங்க வேண்டும், அந்த உறுதிமொழியைத் தொழில்நுட்பம் கொண்டு சரிபார்க்க வேண்டும், ஆம் என்றால் முத்திரையோடு காட்ட வேண்டும்.

இந்த வரம்புகளைப் பார்த்துச் சிறியவர்கள் ‘நமக்கில்லை’ என்று தாளை மூடிவிடுகிறார்கள். அது பிழை. பெரிய தளத்தின் தலையில் வைத்த பாரம் ஒப்பந்த விதிமுறை என்ற வாய்க்கால் வழியாகக் கடைசி வயலுக்கும் வந்து சேரும். பதிவேற்றும் பக்கத்தில் ஒரு கட்டத்தைத் தட்டச் சொல்வார்கள். பொய்யாகத் தட்டினால் கணக்கை முடக்கும் அதிகாரம் தளத்துக்கு இருக்கும். அரசு உங்களைத் தேடி வராவிட்டாலும் தளம் வரும்.

படி 4: எப்போது, எவ்வளவு பெரிதாக?

இங்கே சட்டங்கள் தம்முள் வெகுவாக வேறுபடுகின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2024 மே முதல் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, உரிமம் பெற்ற தொழில்கள் தவிர்த்த மற்ற வணிகங்களில், வாடிக்கையாளர் கேட்டால்தான் பொறி என்று சொல்ல வேண்டும். கேட்கத் தோன்றாதவருக்கு அந்த உரிமை இருந்தும் இல்லாததுதான். ஐரோப்பியச் சட்டம் முதல் தொடர்பின்போதே சொல்லச் சொல்கிறது. எஸ்பி 243 சிறார் என்று தெரிந்த பயனருக்கு, தொடர் உரையாடலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ‘ஓய்வெடு, நான் மனிதன் அல்ல’ என்று நினைவூட்டக் கட்டளையிடுகிறது. நியூயார்க்கில் 2025 நவம்பர் முதல் நடப்பிலுள்ள துணைவன் பொறிச் சட்டத்திலும் மூன்று மணி நேர இடைவெளியே உள்ளது. அங்கே வயது வேறுபாடு இல்லை. 2025 அக்டோபரில் அமெரிக்க செனட்டில் ஹாலியும் புளூமென்தாலும் கொண்டுவந்த கார்டு (GUARD) மசோதா அந்த இடைவெளியை அரை மணியாகக் குறைக்க முன்மொழிந்தது.

ஒரு முறை சொன்னால் போதாதா என்று கேட்கத் தோன்றும். அன்பாகப் பேசும் பொறியோடு மணிக்கணக்கில் பேசுபவருக்கு அது பொறி என்பது அறிவுக்குத் தெரிந்திருக்கும், மனத்திலிருந்து நழுவியிருக்கும். இடைவெளி வைத்து நினைவூட்டும் விதியின் பின்னே இருக்கும் எண்ணம் இதுவே.

படங்களுக்கு மிகத் துல்லியமான அளவைச் சொல்வது சீனா. 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே நடப்புக்கு வந்த முத்திரை நடைமுறையோடு வந்த கட்டாயத் தரம், படத்தின் குறுகிய பக்கத்தில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத உயரத்தில் எழுத்து இருக்க வேண்டும் என்றும், காணொளியில் குறைந்தது இரண்டு நொடிகள் அது தெரிய வேண்டும் என்றும் வரையறுக்கிறது. இத்தகைய எண் பொறியாளருக்கு வசதி, கலைஞருக்குத் தொல்லை. ‘தெளிவாக, எளிதில் கண்ணில் படும்படி’ என்ற இந்திய இறுதி விதியின் சொற்கள் கலைஞருக்கு வசதி. எது தெளிவு என்பதை இனி வழக்குகள்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் படியில் தமிழ் வாசகர் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முத்திரை எந்த மொழியில்? தமிழில் பேசும் போலிக் குரலின் ஓரத்தில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து ஒட்டியிருந்தால், அந்தக் குரலை நம்பிப் பணம் அனுப்பப்போகும் பாட்டிக்கு அது அறிவிப்பா? வரைவு எதுவாயினும் இதைக் கேளுங்கள்.

படி 5: கண்ணுக்குத் தெரியாத அடையாளம்

பெரும்பாலான புதிய சட்டங்கள் இரட்டை அடையாளம் கேட்கின்றன: மனிதருக்குத் தெரியும் முத்திரையும், கோப்பினுள் பதியும் மெட்டாடேட்டாவோ (கோப்பைப் பற்றிய குறிப்புகள்) வாட்டர்மார்க்கோ (உள்ளடக்கத்திலேயே கலந்த மறை அடையாளம்). எஸ்பி 942 உள்ளே பதியச் சொல்பவை நான்கு: வழங்கும் நிறுவனத்தின் பெயர், கருவியின் பெயரும் பதிப்பும், உருவாக்கிய நாளும் நேரமும், தனித்த அடையாள எண். அந்த அடையாளத்தைப் பொதுமக்களே சோதித்துப் பார்க்க இலவசக் கருவி ஒன்றையும் நிறுவனம் தர வேண்டும். எல்லாச் சட்டங்களிலும் பார்த்தால் எனக்கு மிகப் பிடித்த விதி இதுதான்.

ஆனால் மெட்டாடேட்டா எளிதில் உதிரும். ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும். இந்திய விதிகள் தளங்கள் அதை நீக்கவோ அழிக்கவோ இடம் தரக்கூடாது என்கின்றன. அது தளத்துக்குள் சரி, கைபேசித் திரையைப் படமெடுப்பவரை என்ன செய்வது? சீன நடைமுறை இந்த உதிர்வை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது. அடையாளம் கிடைத்தால் ‘செயற்கையானது’, அடையாளம் இல்லாமல் பயனரே அறிவித்தால் ‘செயற்கையாக இருக்கலாம்’, இரண்டும் இல்லாமல் தடயம் மட்டும் தெரிந்தால் ‘செயற்கை என்ற ஐயம்’ என்று தளம் மூன்று தரமாகச் சொல்ல வேண்டும். தணிக்கைக்குப் பெயர்போன நாட்டின் விதியிலிருந்து பாடம் எடுக்கத் தயக்கம் இருக்கலாம். என்றாலும் உறுதியின் அளவைப் பார்வையாளரிடம் ஒப்புக்கொள்ளும் இந்த முறை, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பேசும் மற்றவற்றைவிட நேர்மையானது.

படி 6: விலக்குகளை எண்ணுங்கள்

விலக்கு குறைவாக இருந்தால் பேச்சுரிமை நசுங்கும். கூடினால் சட்டம் வெறும் காகிதம். ஐரோப்பியச் சட்டத்தில் நையாண்டிக்கும் கலைக்கும் முழு விலக்கு இல்லை, சலுகை உண்டு: படைப்பைச் சுவைப்பதற்கு இடையூறு இல்லாத வகையில் அறிவித்தால் போதும். பொதுநலச் செய்திகளைச் செயற்கை நுண்ணறிவு எழுதினால் அறிவிக்க வேண்டும். ஆனால் மனிதர் ஒருவர் சரிபார்த்து, யாரோ ஒருவர் ஆசிரியப் பொறுப்பு ஏற்றிருந்தால் வேண்டியதில்லை. இதழாசிரியர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். மேலோட்டமாகக் கண்ணோட்டிவிட்டு ‘சரிபார்த்தேன்’ என்று சொல்வதற்கும், பெயர் போட்டுப் பொறுப்பேற்பதற்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை அது ஆசிரியரின் மனச்சான்றுக்கு விட்டுவிடுகிறது.

விலக்கில் கஞ்சத்தனம் காட்டினால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிபோர்னியாவின் ஏபி 2839 சாட்சி. தேர்தல் டீப்ஃபேக்குகளைத் தடுக்க 2024இல் வந்த அந்தச் சட்டம், நையாண்டிக் காணொளியிலும் பெரிய எழுத்தில் முத்திரை கேட்டது. கமலா ஹாரிஸைக் கேலி செய்த காணொளி ஒன்றில் அந்த அளவு எழுத்தைப் போட்டால் திரை முழுவதுமே மறைந்துவிடும் என்பது வழக்கில் வெளிப்பட்டது. கூட்டாட்சி நீதிமன்றம் 2024 அக்டோபரில் அந்தச் சட்டத்தின் பெரும்பகுதிக்கு இடைக்காலத் தடை விதித்தது. பத்து விழுக்காட்டு முத்திரையை இந்திய வரைவில் கண்டபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இந்த வழக்குதான்.

படி 7: மீறினால் என்ன?

தண்டனைப் பகுதியை விரைவாக வாசித்துவிடலாம், ஆனால் இரண்டு கேள்விகளோடு: எவ்வளவு, யார் வழக்குத் தொடரலாம்? ஐரோப்பாவில் 50ஆம் பிரிவை மீறினால் 1.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் மூன்று விழுக்காடு வரை அபராதம். எஸ்பி 942 மீறலுக்கு நாளொன்றுக்கு 5,000 டாலர். எஸ்பி 243இல் தொகை சிறியது, மீறலுக்குக் குறைந்தது 1,000 டாலர். ஆனால் பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடரலாம். அரசு வழக்கறிஞர் மனம் வைக்கும் வரை காத்திராத சட்டம் என்பதால், சிறிய தொகையோடும் அது வலிமையானது. இந்திய விதிகளில் அபராதத் தொகை என்று ஒன்றில்லை. கடமை தவறிய தளம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் கவசத்தை இழக்கும். பயனர் செய்ததற்குத் தளமே பொறுப்பாளியாக நிற்க நேரிடும். அரசு அல்லது நீதிமன்ற ஆணை வந்தால் நீக்குவதற்கான கெடுவும் 36 மணி நேரத்திலிருந்து 3 மணி நேரமாகக் குறைந்துவிட்டது. மூன்று மணி நேரத்தில் எந்தத் தளமும் நிதானமாக ஆராயாது. ஐயம் வந்தால் நீக்கிவிடும். முத்திரை பற்றிய விதிகளுக்கிடையே வந்த இந்த வரிதான் சாமானியப் பதிவரை முதலில் தொடும் என்று நினைக்கிறேன்.

படி 8: தேதிகளை நம்பாதீர்கள்

சட்டம் கையெழுத்தான நாள் ஒன்று, நடப்புக்கு வரும் நாள் வேறு, அந்த நாளும் நகரும். எஸ்பி 942 முதலில் 2026 ஜனவரி 1க்கு வர வேண்டியது. ஏபி 853 அதை 2026 ஆகஸ்ட் 2க்குத் தள்ளியது, பெரிய தளங்களுக்கு 2027 ஜனவரி என்றும், கேமரா போன்ற பதிவுக் கருவிகளைச் செய்வோருக்கு 2028 ஜனவரி என்றும் வேறு படிகளைச் சேர்த்தது. ஐரோப்பிய 50ஆம் பிரிவுக்கும் சட்டத்தில் குறித்த நாள் 2026 ஆகஸ்ட் 2தான். ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிகளுக்கு அடையாளம் பதிக்கக் கூடுதல் அவகாசம் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே முன்மொழிந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் தன் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தை 2026 பிப்ரவரியிலிருந்து ஜூன் 30க்குத் தள்ளிவைத்தது. இந்தியா எதிர்த் திசையில் போனது: 2026 பிப்ரவரி 10இல் அறிவித்து, பிப்ரவரி 20இலேயே நடைமுறைப்படுத்தியது. தள்ளிப்போகும் என்று காத்திருந்தவர்களுக்குப் பத்தே நாள் கிடைத்தது.

சட்டமாகாமல் நின்றவையும் உண்டு. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் எல்லாவற்றிலும் அறிவிப்பு வேண்டும் என்று 2023இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ரிட்சி டோரஸ் கொண்டுவந்த சுருக்கமான மசோதா அந்த அவைக் காலத்தோடு முடிந்துபோனது. அதைச் சட்டம் என்று எழுதுபவர்களை இன்னும் காண்கிறேன். எனவே கையிலுள்ள தாள் மசோதாவா, ஓர் அவையில் நிறைவேறியதா, கையெழுத்தானதா, நடப்பிலுள்ளதா என்பதை அதன் தலைப்பகுதியிலேயே தேதியோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: வரைவு என்றால் கருத்து எழுதுங்கள்

இந்திய வரைவுக்கு முதலில் கொடுத்த அவகாசம் நவம்பர் 6 வரை, ஏறத்தாழ இரண்டு வாரம். பின்னர் நவம்பர் 13 வரை நீட்டித்தார்கள். இவ்வளவு குறுகிய காலத்தில் நீண்ட கட்டுரை எழுத நேரமிருக்காது, தேவையும் இல்லை. ‘இந்த விதி கருத்துரிமைக்கு எதிரானது’ என்று பொதுவாக எழுதும் கடிதத்தை அதிகாரி ஒருவர் ஒரு குவியலில் சேர்த்துவிடுவார். துணைவிதியின் எண்ணைக் குறிப்பிட்டு, அதிலுள்ள சொல்லை எடுத்தெழுதி, அது உங்கள் தொழிலில் எந்த நியாயமான செயலைத் தவறுதலாகப் பிடிக்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டால் காட்டி, அதற்குப் பதிலாக என்ன சொல் இருக்க வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘நிறத்திருத்தம் செய்த திருமணப் படமும் இதில் சிக்குகிறது, நல்லெண்ணத் திருத்தங்களுக்கு விலக்கு தரும் விளக்கத்தைச் சேர்க்கவும்’ என்ற ஒரு வரி, பத்துப் பக்க முறையீட்டைவிடப் பயன்படும்.

அனுப்பிய கடிதத்தின் நகலையும், வரைவின் அப்போதைய வடிவத்தையும் சேமித்து வையுங்கள். இறுதி விதி அரசிதழில் வரும் நாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, வரையறைப் பகுதியிலிருந்து வரிவரியாக ஒப்பிடுங்கள்.